கேம்பர் டிரெய்லரில் தண்ணீர் இறங்கிய பேனல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கேம்பர் டிரெய்லர் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும், உள்ளே தங்கும் வசதியுள்ள வண்டி) வாங்கியவர்களும், மழைக்காலம் முடிந்து கதவைத் திறந்து பார்த்தவர்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். போகப் போகக் கேள்விகளின் சிக்கல் கூடும்.

சுவர்ல பழுப்பா ஒரு கறை, அவ்வளவுதான். மேல பெயிண்ட் அடிச்சா போதாதா?

போதாது. பெரும்பாலான டிரெய்லர்களில் உள்சுவர் என்பது 3 மி.மீ. அளவிலான மெல்லிய பிளைவுட். அதன் மேல் மர ரேகை அச்சிட்ட வினைல் தாளோ காகிதமோ ஒட்டியிருக்கும். அந்தத் தாளையும் தாண்டிக் கறை வெளியே தெரிகிறதென்றால், பின்னால் இருக்கும் மரச்சட்டம் அதற்குள் பலமுறை நனைந்து காய்ந்திருக்கும். பெயிண்ட் அடித்தால் கறை மறையும், மக்குவது நிற்காது. ஈரம் வெளியேற இருந்த கொஞ்ச வழியையும் அடைத்த மாதிரி ஆகிவிடும்.

உள்ள எவ்வளவு நனைஞ்சிருக்குன்னு பிரிக்காமலே கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் கட்டைவிரலால் கறையைச் சுற்றி அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல பேனல் விறைப்பாக இருக்கும். கெட்டது மெத்தென்று அமுங்கும். அப்புறம் ஸ்குரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே நகருங்கள். சத்தம் எங்கே மாறுகிறதோ அங்கே பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். அந்தக் கோடு கறையைவிட எவ்வளவு பெரிதாக வருகிறது என்று பார்த்தால் பலருக்கும் முகம் வாடிவிடும்.

சரியான கணக்கு வேண்டுமென்றால் ஈரப்பத மீட்டர் வாங்குங்கள். மீட்டரை மரத்துக்கான அளவீட்டில் வைத்துப் பார்க்கும்போது 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 15 முதல் 20 வரை என்றால் கண்காணிக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் எங்கோ தண்ணீர் வருகிறது. 30-ஐ நெருங்கினால் மரத்தின் நார்கள் இனி உறிஞ்ச முடியாத அளவுக்கு நிறைந்துவிட்டன என்று பொருள். மக்கவைக்கும் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. ஊசி இல்லாத மீட்டர், பின்னால் அலுமினியச் சட்டமோ ஒயரோ இருந்தால் பொய் சொல்லும். ஊசி மீட்டர் இரண்டு சின்னத் துளைகளை விட்டுப்போகும், ஆனால் நான் அதைத்தான் நம்புகிறேன். அலமாரிக்குள்ளோ இருக்கைக்கு அடியிலோ குத்திப் பாருங்கள், யார் கண்ணுக்கும் தெரியாது.

என் டிரெய்லர் சுவர் எந்த வகைன்னு எப்படித் தெரியும்?

வெளியே வரிவரியாக மடிப்புள்ள அலுமினியத் தகடு இருந்தால் பெரும்பாலும் உள்ளே மரச்சட்டம், நடுவில் கண்ணாடி இழைப் பஞ்சு, உள்பக்கம் மெல்லிய பிளைவுட். இதை அடுக்கடுக்காகப் பிரிக்கலாம், திரும்பச் சேர்க்கலாம்.

வெளிப்பக்கம் மழமழவென்று ஒரே ஃபைபர் பரப்பாக இருந்தால் அது ஒட்டுச் சுவர்: ஃபைபர் தோல், பிளைவுட், தெர்மோகோல், மறுபடியும் பிளைவுட் என எல்லாம் பசையால் ஒன்றாக அழுத்தப்பட்டிருக்கும். சட்டம் அலுமினியக் குழாயாகவும் இருக்கலாம். இதைப் பிரிப்பது வேறு மாதிரி வேலை, அது கீழே வருகிறது.

கறை ஜன்னலுக்குக் கீழ இருக்கு. ஜன்னலைச் சுத்தி சிலிக்கான் அடிச்சும் நிக்கலை. ஏன்?

தண்ணீர் நுழையும் இடமும் வெளியே தெரியும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். கூரை விளிம்பில் நுழைந்து, சட்டத்தின் மேல் ஓடி, ஜன்னலுக்காக வெட்டிய இடத்தில் தங்கி, அங்கே கறையாகக் காட்டும். அதனால் கறைக்கு நேர் மேலே, கூரை வரை எல்லாவற்றையும் சந்தேகப்படுங்கள். வழக்கமான ஆட்கள் இவர்கள்: கூரையும் சுவரும் சேரும் மூலைப் பட்டி, கூரைக் காற்றுப்போக்கி, மேலே இருக்கும் சின்ன விளக்குகள், வெய்யில் திரையின் திருகுகள், கடைசியாக ஜன்னல்.

மூலைப் பட்டியைச் சோதிப்பது சுலபம். பட்டியின் நடுவில் திருகுகளை மூடி ஒரு வினைல் நாடா ஓடும். அதன் ஒரு முனையை மெல்ல இழுத்து எடுங்கள். வரிசையாகத் திருகுத் தலைகள் தெரியும். பளபளப்பாக இருப்பவற்றை விட்டுவிட்டு, துருவேறிய ஒன்றைக் கழற்றுங்கள். மரையில் ஈரமான பழுப்புத் தூள் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, திருகு சுற்றாமலேயே கையோடு வந்தாலோ, அதற்குப் பின்னால் மரம் போய்விட்டது.

இன்னொன்று. பல ஜன்னல்களின் கீழ்ச் சட்டத்தில் வெளிப்பக்கமாகச் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே சேரும் மழைநீர் வடிவதற்காகவே அவை. சிலிக்கான் அடிக்கும் உற்சாகத்தில் அவற்றையும் சேர்த்து அடைத்திருந்தால் தண்ணீர் நிரம்பி வீட்டுக்குள்தான் வழியும். முதலில் அதைப் பாருங்கள்.

நுழையற இடத்தை உறுதியா கண்டுபிடிக்க வழி உண்டா?

இரண்டு வழி. ஒன்று, ஹோஸ் பைப். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார, மற்றவர் வெளியே கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். ஒவ்வொரு மட்டத்திலும் பத்து நிமிடமாவது விட்டுப் பிறகு மேலே போங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எது வழி என்று பிரித்தறிய முடியாது. பைப் வாயை விரலால் அடைத்துப் பீய்ச்ச வேண்டாம், மழை போல் வழிந்தால் போதும்.

இரண்டாவது, காற்று. கூரைக் காற்றுப்போக்கி வழியாக ஒரு விசிறியை உள்நோக்கி ஊதவிட்டு, மற்ற எல்லாத் திறப்புகளையும் டேப் போட்டு மூடுங்கள். வெளியே இணைப்புகள் மேல் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். சுவரை மேலும் நனைக்காது என்பதால், ஏற்கெனவே ஊறிப்போன டிரெய்லருக்கு நான் இதையே சொல்வேன்.

மழையே இல்லை, ஆனா காலையில சுவர் நனைஞ்சிருக்கு. இதுவும் ஒழுகலா?

பெரும்பாலும் உள்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்தது. அடுப்பில் எரியும் கேஸான புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியேறும். அதோடு இரவெல்லாம் தூங்குபவர்களின் மூச்சு. மூடிய சின்ன அறையில் இவ்வளவும் எங்கே போகும்?

வித்தியாசம் இப்படித் தெரியும்: குளிர் இரவுக்குப் பிறகு வந்து, உலோகச் சட்டம் போகும் கோட்டிலும் ஜன்னல் ஓரத்திலும் சீராகப் படிந்திருந்தால் அது படிந்த ஈரம். மழைக்குப் பிறகு ஓரிடத்தில் மட்டும் வந்து பழுப்பு விளிம்போடு காய்ந்தால் ஒழுகல். முதலாவதற்குக் காற்றோட்டம்தான் மருந்து. ஆனாலும் வருடக்கணக்கில் விட்டால் அதுவும் மரத்தை மக்கவைக்கும்.

பிரிக்கறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

வெளி மின் இணைப்பையும் பேட்டரியையும் கழற்றுங்கள். கேஸ் சிலிண்டரை மூடுங்கள். சுவருக்குள் ஒயர் போகும் இடம் தெரியாமல் வாள் வைக்க வேண்டாம்; வெட்டும் ஆழத்தைப் பேனலின் தடிமனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரை மட்டமாக நிறுத்தி நான்கு மூலையிலும் முட்டுக் கொடுங்கள். கோணலாக நின்றபடி புதுச் சட்டத்தைப் பொருத்தினால் கோணல் நிரந்தரமாகிவிடும், கதவு மூடாது.

ஒவ்வொரு அடுக்கையும் எடுக்கும் முன் படம் எடுங்கள். கழற்றிய திருகுகளை இடவாரியாகப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பூஞ்சை இருக்கும் என்றே வைத்துக்கொண்டு என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றையும் போடுங்கள்.

உள்பக்கமா பிரிக்கறதா, வெளிப்பக்கமா?

அலுமினியத் தகடு வகையில், மரச்சட்டம் நிறையக் கெட்டிருந்தால் வெளிப்பக்கம்தான் வசதி. உள்ளே அலமாரி, கட்டில் எதையும் தொட வேண்டாம். தகடுகள் ஒன்றோடொன்று மடிப்பில் கோத்திருக்கும். முதல் மடிப்பை உற்றுப் பார்த்து எது எதன் மேல் கோக்கிறது என்று தெரிந்துகொண்டு அந்த வரிசையில் எடுங்கள். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பின்களை இடுக்கியால் இழுங்கள், தகட்டை நெம்பாதீர்கள். ஒருமுறை மடங்கிய அலுமினியத் தகடு பழையபடி நிமிராது.

கெட்டது ஒரு ஜன்னல் அளவுக்குள் இருந்தால் உள்பக்கமாகப் போகலாம். ஒட்டுச் சுவரிலும் உள்பக்கம்தான், ஏனென்றால் ஃபைபர் தோலை ஒட்டுத் தெரியாமல் சேர்ப்பது தொழில் தெரிந்தவர்களுக்கே கஷ்டம்.

எவ்வளவு தூரம் வெட்டி எடுக்கணும்? நல்ல பகுதின்னு எதை வெச்சு முடிவு பண்றது?

கூர்மையான குத்தூசியை மரத்தில் சாய்வாகக் குத்தி நெம்புங்கள். நல்ல மரம் நீளமான சிம்பாகப் பிய்ந்து வரும், பிய்யும்போது சடக்கென்று சத்தம் கேட்கும். மக்கிய மரம் சத்தமில்லாமல் குட்டைத் துண்டாக உடையும். நிறத்தை நம்பாதீர்கள்: கறுத்துப்போனாலும் உறுதியாக இருக்கும் மரம் உண்டு, பார்க்க நன்றாக இருந்து உள்ளே பஞ்சானதும் உண்டு.

நல்ல மரம் கிடைத்த இடத்திலிருந்து இன்னும் ஓர் அடியாவது தள்ளி வெட்டுங்கள். பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிப் போயிருக்கும். ஒரே நேரத்தில் முழுச் சுவரையும் பிரிக்காதீர்கள். ஒரு பகுதி, அதற்கு முட்டு, அதைச் சரிசெய்தபின் அடுத்தது. கூரையின் கனத்தை அந்த மெல்லிய சட்டங்கள்தான் தாங்குகின்றன.

திறந்து போட்டாச்சு. எத்தனை நாள் காயணும்?

நாள் கணக்கு சொல்லமாட்டேன். வெயில், காற்று, மரத்தின் தடிமன் எல்லாவற்றையும் பொறுத்தது. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். ஒரே இடத்தில் தினம் மீட்டர் வைத்து எழுதி வாருங்கள். 15-க்குக் கீழே வந்து, அடுத்தடுத்த நாட்களில் மாறாமல் நின்றால் மூடலாம்.

நனைந்த கண்ணாடி இழைப் பஞ்சைக் காயவைக்க முயல வேண்டாம், எடுத்துப் போடுங்கள். ஹீட்டர் மட்டும் வைத்து ஜன்னலை மூடிவிடுபவர்கள் உண்டு. சூடான ஈரக் காற்று டிரெய்லருக்குள்ளேயே சுற்றிக் குளிர்ந்த மூலையில் படியும். விசிறியும் திறந்த வழியும் வேண்டும், அல்லது ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வேண்டும்.

கறுப்பா பூஞ்சை. பிளீச் ஊத்தினா போயிடுமா?

மேலே வெளுக்கும். மரத்துக்குள் இறங்குவது பெரும்பாலும் அதில் உள்ள தண்ணீர்தான், அதாவது பூஞ்சைக்கு நீங்களே ஈரம் கொடுக்கிறீர்கள். மெத்தென்று ஆன மரத்தை வெட்டி எறியுங்கள். உறுதியான மரத்தை சோப்புக் கரைசலால் தேய்த்துத் துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாள் போட்டுத் தூசியை வேக்குவமில் உறிஞ்சுங்கள். பிறகு வெற்று மரத்தில் போரேட் (போராக்ஸ் வகை உப்பு) கரைசல் பூசினால் பூஞ்சையும் பூச்சியும் மறுபடி வராது. ஆனால் அது நீரில் கரையும் பொருள். ஒழுகல் தொடர்ந்தால் கரைந்து போய்விடும். எந்தக் காரணத்துக்காகவும் பிளீச்சோடு வினிகரையோ அமோனியா கலந்த திரவத்தையோ சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

சட்டம் மக்கிடுச்சு. முழுசா மாத்தணுமா, பக்கத்துல ஒரு ரீப்பர் வெச்சு ஒட்டினா போதுமா?

மக்கிய பகுதியை வெட்டி எடுத்தபின், பக்கத்தில் புதுக் கட்டை வைத்து இருபுறமும் நல்ல மரத்தில் நீளமாகப் படியவிட்டுப் பசையும் திருகும் போட்டால் போதும். மக்கியதை உள்ளேயே விட்டு அதன் மேல் ரீப்பர் அடிப்பது மட்டும் கூடாது. இடமில்லாத இடத்தில் சாய்வு ஒட்டு, அதாவது இரண்டு மர முனைகளையும் சாய்வாகச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவது, போடுங்கள். படகுத் தச்சர்கள் கணக்கில் சாய்வின் நீளம் மரத்தின் தடிமனைப்போல் 8 மடங்கு. 25 மி.மீ. கட்டைக்கு 200 மி.மீ. சாய்வு.

மரத்தை இறுக்கும் திரவம், எப்பாக்ஸி (இரண்டு பொருளைக் கலந்தால் இறுகும் பசை) புட்டி இரண்டும் திருகுத் துளைக்கும் ஓரச் சிதைவுக்கும் நல்லவை. கனம் தாங்கும் சட்டத்தைக் காப்பாற்ற அவற்றை நம்ப வேண்டாம். ஈரமரத்தில் எப்பாக்ஸி பிடிக்காது என்பதால், காயவிடும் வேலை முடிந்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

மருந்து ஏத்தின மரம் போட்டா இனிமே மக்கவே மக்காதுல்ல?

அந்த மருந்துகளில் பல தாமிரம் கலந்தவை. அலுமினியத் தகட்டை ஒட்டி ஈரமாக இருக்கும்போது தாமிரம் அலுமினியத்தை அரித்துத் துளையாக்கும். மரம் நன்றாக இருக்கும், தகடு போய்விடும். சாதாரணக் காய்ந்த மரமும் மேலே சொன்ன போரேட் பூச்சும் போதும்.

என்ன பிளைவுட் வாங்கறது? தடியா 6 மி.மீ. போட்டா உறுதி கூடுமே?

கனமும் கூடும். பிளைவுட்டின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 550 கிலோ என்று வைத்தால், 3 மி.மீ. கூடுதலாகப் போடும்போது சதுர மீட்டருக்கு 1.65 கிலோ ஏறும். 20 சதுர மீட்டர் மாற்றினால் 33 கிலோ. அதுவும் ஒரே பக்கத்தில் ஏறினால் டிரெய்லர் சாய்ந்து ஓடும். தவிர, ஜன்னல், கதவுச் சட்டங்கள் பழைய தடிமனுக்குச் செய்தவை. எது இருந்ததோ அதே தடிமன் போடுங்கள்.

தடிமனைவிடப் பசையில் கவனம் வையுங்கள். கொதிநீர் தாங்கும் பினாலிக் பசை போட்ட பிளைவுட் வேண்டும். கடைக்காரர் சொல்வதில் சந்தேகமிருந்தால் உள்ளங்கை அளவுத் துண்டை அடுப்பில் சில மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அடுக்குகள் சீட்டுக்கட்டு போலப் பிரிந்தால் அது வீட்டுக்குள் போடும் சரக்கு. வாங்கிய பிறகு வெட்டிய ஓரங்கள், ஜன்னல் துளையின் உள்விளிம்பு எல்லாவற்றிலும் எப்பாக்ஸியோ வார்னிஷோ ஊற ஊறப் பூசுங்கள். பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தில்தான்.

ஃபைபர் சுவர் வெளிய உப்பிக்கிட்டு நிக்குது. துளை போட்டு பசை ஏத்தினா ஒட்டிக்குமா?

பின்னால் இருக்கும் பிளைவுட் காய்ந்தும் உறுதியாகவும் இருந்தால் ஒட்டும். சின்னத் துளைகள் வழியாக நீர்த்த எப்பாக்ஸியை ஏற்றி, மேலே பலகை வைத்து, அது இறுகும்வரை முட்டுக் கொடுத்து அழுத்த வேண்டும். பிளைவுட் மக்கியிருந்தால் மக்கிய தூளோடுதான் பசை ஒட்டும், அடுத்த வெயிலுக்கு மறுபடி உப்பும்.

அப்படியிருந்தால் உள்பக்கப் பிளைவுட்டை வெட்டி, தெர்மோகோலை எடுத்து, ஃபைபர் தோலின் பின்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதுப் பிளைவுட்டை அதில் ஒட்டி, அடுக்குகளைத் திரும்பக் கட்ட வேண்டும். உப்பல் சுவரின் பாதியைத் தாண்டினால் தனியாள் செய்யும் வேலை இல்லை என்பது என் கருத்து.

ஒட்டினதும் தெர்மோகோல் கரைஞ்சு குழியாயிடுச்சே?

பாலியஸ்டர் ரெசினும், கரைப்பான் கலந்த ரப்பர் பசையும் தெர்மோகோலைக் கரைக்கும். எப்பாக்ஸியோ பாலியூரித்தேன் பசையோ போடுங்கள். எதுவானாலும் கழிவுத் துண்டில் ஒருநாள் சோதித்துப் பாருங்கள்.

மூடும்போது எந்த சீலன்ட்? சிலிக்கான் வேண்டாம்னு ஏன் சொல்றாங்க?

சிலிக்கான் மேல் எதுவும் ஒட்டாது, அடுத்து வரும் சிலிக்கான்கூட ஒட்டாது. பெயிண்ட்டும் பிடிக்காது. நாளை ஒருமுறை சரிசெய்ய வேண்டியிருந்தால் முழுதும் சுரண்டி எடுத்தாக வேண்டும். ஜன்னல், விளக்கு, மூலைப் பட்டி இவற்றுக்குப் பின்னால் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) வையுங்கள். திருகை ஒரேயடியாக முறுக்காமல், டேப் பிதுங்கப் பிதுங்க மெல்ல இறுக்கி, சில நாள் விட்டு மறுபடி இறுக்கி, பிதுங்கியதைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்தெடுங்கள். அதன் மேல் ஓரத்துக்குப் பாலியூரித்தேன் சீலன்ட்.

கூரையில் தானாகப் பரவி மட்டமாகும் சீலன்ட் போடலாம். அதையே சுவரில் போட்டால் வழிந்து கீழே வந்துவிடும். அங்கே வழியாத வகை வேண்டும். ரப்பர் கூரையாக இருந்தால் பெட்ரோலிய வகைத் திரவத்தால் துடைக்க வேண்டாம், ரப்பர் உப்பிக்கொள்ளும்.

பழைய துளையில திருகு பிடிக்கவே மாட்டேங்குது.

எப்பாக்ஸி நிரப்பி, இறுகியதும் புதிதாகத் துளையிடுங்கள். நீளமான திருகு போட்டு ஒயரைக் குத்தி வைக்காதீர்கள்.

பெயிண்ட் அடிச்சேன், பழைய கறை மறுபடி மேல வருது.

மீட்டரில் காய்ந்ததாகக் காட்டினால் அது பழைய கறையின் சாயம்தான். தண்ணீரில் கரையும் பெயிண்ட் அதை மேலே இழுக்கும். ஷெல்லாக் (அரக்கு) அல்லது எண்ணெய் வகைக் கறைதடுப்புப் பிரைமர் முதலில் அடியுங்கள். வினைல் தாள் மேல் என்றால் உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிய பிறகு.

கதவுகிட்ட தரை அமுங்குது. அதுவும் பேனல் மாதிரிதானா?

தத்துவம் ஒன்றுதான், ஆனால் தரை கனம் தாங்குவது. கதவுச் சட்டத்தின் கீழ் விளிம்பு வழியாகத் தண்ணீர் வருவதே வழக்கம், சில சமயம் சக்கரம் அடிக்கும் தண்ணீர் அடிப்பக்க உறையின் கிழிசல் வழியாக ஏறும். அதனால் கீழே படுத்து உறையையும் பாருங்கள். வெட்டும்போது துண்டின் நான்கு விளிம்பும் சட்டத்தின் மேல் உட்காரும்படி அளவெடுங்கள். இல்லாத பக்கத்தில் குறுக்குக் கட்டை கொடுத்த பிறகே மூட வேண்டும்.

வேலை முடிஞ்சுது. தார்ப்பாய் போட்டு மூடிடலாமா?

பிளாஸ்டிக் தார்ப்பாய் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும், காற்றில் அடித்துப் பெயிண்ட்டையும் உரசும். காற்றுப் புகும் துணி உறையோ மேல்கூரையோ நல்லது. ஒரு முனை சற்றுத் தாழ நிறுத்தினால் கூரையில் தண்ணீர் தேங்காது. சீலன்ட்டை வருடத்துக்கு இரண்டு முறையாவது ஏறிப் பாருங்கள்.

பழசு ஒண்ணு விலைக்கு வருது. 'கொஞ்சம் தண்ணி பட்டிருக்கு'ங்கிறாங்க. வாங்கலாமா?

மீட்டரும் குத்தூசியும் எடுத்துக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் வாசனை பிடியுங்கள். புதுப் பெயிண்ட் வாசமோ தூக்கலான நறுமணமோ அடித்தால் எதையோ மறைக்கிறார்கள். மேல் அலமாரிகளுக்குள் மூலைகள், படுக்கைக்கு அடியில் சுவரும் தரையும் சேரும் இடம், எல்லா ஜன்னலின் கீழ்மூலைகள் ஆகியவற்றில் மீட்டர் வையுங்கள். மூலைப் பட்டியின் நாடாவை இழுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே பதில்.

ஒரு மூலை, ஒரு ஜன்னலின் கீழ்ப்பகுதி என்ற அளவில் இருந்தால், பொறுமையும் நிழலான இடமும் உங்களிடம் இருந்தால், வாங்கலாம். முன்சுவரும் கூரை விளிம்பும் சேர்ந்து ஈரம் காட்டினால் பிரிக்கப் பிரிக்க வேலை நீண்டுகொண்டே போகும். ஒட்டுச் சுவர் பல இடத்தில் உப்பியிருந்தால், அடிச்சட்டமும் அச்சும் சக்கரமும் மட்டும் என்ன பெறும் என்று பார்த்து விலை பேசுங்கள்.